அட்டைத் தியேட்டரில் ஒரு வெள்ளைப் பட்டன்

பேக்கிங் மேசையில் புது அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் எழுந்த பசை வாசனை இன்று என்னை இருப்புக்கொள்ள விடவில்லை. சின்ன வயதில் இப்படியொரு பெட்டியின் உட்புறத்தில்தான் நானும் பக்கத்து வீட்டு மேரியும் தியேட்டர் நடத்தும் விளையாட்டை வரைந்திருந்தோம். டிக்கெட், இடைவேளை முறுக்கு, கரண்ட் கட் என்று சுற்றிலும் கட்டங்கள், நடுவே சட்டைப் பட்டன்களை ஆட்களாக உட்காரவைக்கும் கொட்டகை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் நிஜத் தியேட்டர் இரைந்துகொண்டே இருக்கும். இப்போது அது நூல் குடோன்.

‘ஒன்றரை ஷிப்ட்’ கட்டத்தில் காய் நின்றால் கம்பெனியில் ஓவர்டைம், ஆட்கள் படத்துக்கு வரமுடியாது என்று அர்த்தம், பட்டன்களையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். கம்பெனிக்குப் போயிருக்கும் அம்மாவுக்கென்று வைத்த ஒரு வெள்ளைப் பட்டனை மட்டும் மேரி தொடவிடமாட்டாள்.

“ஏட்டி, படத்தப் போடாத. எங்கம்ம வந்துருவா.”

தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவாள், திரும்பிவந்து பட்டனை நேராக்குவாள், மறுபடி ஓடுவாள். அந்தப் படம் ஒருநாளும் தொடங்கியதில்லை.

“அக்கா, இன்னிக்கும் ஒன்றரை ஷிப்டுங்களா? ஊட்டுல பாப்பா தூங்காதுங்க,” என்றாள் மேசைக்கு எதிரே பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த பெண். சூப்பர்வைசர் நான். வெளியே சரக்கு ஏற்ற லாரி காத்து நின்றது.

“நீ கெளம்பு கண்ணு. நீ போனாத்தான் அங்க படம் போடுவாங்க.”

“எந்தப் படமுங்க?” என்று கேட்டுக்கொண்டே அவள் செருப்பை மாட்டினாள்.