வீட்டில் பேசும் மொழி

பெர்னடெற் மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, திரையில் வரிசையாக நிற்கும் பெயர்களோடு பேசத் தொடங்கிவிட்டார். "இவன் ஏறீற்றான். இவளும் ஏறீற்றாள். இவர்... ஓ, இவர் இறங்கீற்றார். கனடாவுக்குப் போட்டார்."

லண்டன் இல்ஃபோர்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தரவுப் பொறுப்பாளர் அவர். பதினோராம் வகுப்பை முடித்த பிள்ளைகளின் தேர்வு முடிவுகளைக் கூட்டி, பள்ளிக்கு ஒரு சராசரி போட்டு அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தக் கூட்டலுக்குள் யார் யார் வருவார்கள் என்று பிரித்து அனுப்புவது பெர்னடெற்றின் வேலை. நடுவில் வந்து சேர்ந்தவர்களும் சொல்லாமல் விலகிப்போனவர்களும்தான் சிக்கல். வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு அவர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "கடைசித் தரிப்பில பஸ்ஸுக்குள்ள ஆர் ஆர் இருந்தவை எண்டு கவர்மென்ட் கேக்குது. அவ்வளவுதான்."

இறங்கியவர்கள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று தெரிந்தால் அவருடைய கோப்புக்குப் போதும். அவருக்குப் போதாது. பேர்மிங்ஹாமுக்குக் குடிபோன குடும்பத்தைத் தொலைபேசியில் பிடித்தால், புது வீட்டுக்குத் தோட்டம் உண்டா, பையனுக்குச் சிநேகிதர்கள் கிடைத்துவிட்டார்களா என்பதையும் அறிந்துகொண்டுதான் வைப்பார். எதிர் மேசையில் சம்பளப் பட்டியல் பார்க்கும் மலேசியக்காரி குணசுந்தரிக்கு இது தீராத வேடிக்கை. "அக்கா, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும் லா."

"அவங்கள் கேள்வி கேட்டுப்போட்டுப் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டெல்லோ போவாங்கள். நான் சும்மா கேக்கிறனான்."

இத்தனை பிள்ளைகளின் பிறந்த திகதியும் வரவும் தெரிந்த அவருக்கு முகங்கள் தெரியாது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் கீழே இறங்கி மண்டப வாசலில் நிற்பார். உறைகளைப் பிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, இது யாராயிருக்கும் என்று தனக்குள் பொருத்திப் பார்ப்பார். பெரும்பாலும் பிழையாகிவிடும்; அதற்காக வருந்துவதில்லை.

இந்தச் செப்டம்பரில் ஒரே ஒரு பெயர் முடிவாகாமல் நின்றது: ஜதுர்ஷிகா. சாவகச்சேரியிலிருந்து போன ஆண்டுதான் வந்தவள். கணிதத்தில் உயர்ந்த புள்ளி. ஆங்கிலமும் வரலாறும் அவளைக் கீழே இழுத்திருந்தன. புதிதாக நாட்டுக்கு வந்த, ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளைச் சராசரியிலிருந்து நீக்கும்படி பள்ளி கேட்கலாம். விதி இடம் கொடுக்கிறது. அவளை நீக்கினால் தசமத்துக்குப் பின்னே ஓர் இலக்கம் உயரும். போன ஆண்டு சராசரி சரிந்து, சேர வந்த பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்குப் போனதிலிருந்து உப அதிபர் கார்ட்னருக்கு அந்த இலக்கத்தின் மேல்தான் கண். ஆனால் சேர்க்கைப் படிவத்தில், வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில், ஜதுர்ஷிகாவின் தகப்பன் யோகேஸ்வரன் "ஆங்கிலம்" என்று எழுதியிருந்தார். அவர் திருத்தினால்தான் நீக்க முடியும். அன்று மாலைக்குள் பட்டியலை அனுப்பியாக வேண்டும்.

பெர்னடெற் அழைத்தார்.

"அண்ணை, நான் பெர்னடெற், பள்ளிக்கூடத்தால கதைக்கிறன். வீட்டில இங்கிலீஷோ கதைக்கிறனியள்?"

"ஓம் பின்ன. முழுக்க இங்கிலீஷ்தான்."

"இப்ப என்ன பாஷையில கதைக்கிறியள்?"

"நீங்கள் தமிழில தொடங்கினியள். மரியாதைக்கு நானும் தமிழில கதைக்கிறன்."

பெர்னடெற் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அவர் கண்டிராத பதிலல்ல. ஆங்கிலம் என்று எழுதினால் பிள்ளையை நல்ல வகுப்பில் போடுவார்கள் என்று நம்பும் தகப்பன்மார் அவருக்கு ஆண்டுதோறும் கிடைப்பார்கள். பொறுமையாக விளக்கினார். தமிழ் என்று மாற்றினால் பிள்ளையைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறாது, பள்ளிக்கு உதவி.

யோகேஸ்வரன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"கணக்கில எடுக்கிறேல்லை எண்டால்... என்ர பிள்ளை உங்கட பள்ளிக்கூடத்தில படிக்கேல்லை எண்டோ?"

"படிச்சவ அண்ணை. ஆனால்..."

எல்லா ஆனாலுக்கும் பின்னால் ஒரு விதியைச் சொல்லப் பழகிய பெர்னடெற், இந்த ஆனாலை அப்படியே விட்டுவிட்டார். அங்கே தொலைபேசி கைமாறியது.

"மிஸ், நான் ஜதுர்ஷிகா. அப்பா ஸ்பீக்கரில போட்டவர், கேட்டனான். எல்லாரோடயும் இருந்து நானும் சோதினை எழுதினனான்தானே. என்னை ஏன் மிஸ் கணக்கால வெட்டுறியள்?"

தன்னைச் சேர்க்கச் சொல்லி அவள் பேசிய அந்தத் தமிழே அவளை நீக்கப் போதுமான சாட்சி. அது தகப்பனுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"இங்கிலீஷில சொல்லு பிள்ளை, இங்கிலீஷில!" ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவர் சொன்னது குணசுந்தரியின் மேசைவரை கேட்டது.

பிள்ளை மூச்சை இழுத்தாள். "பிளீஸ் மிஸ்," என்றாள். சொல்லைத் தேடினாள். "கவுன்ட் மீ."

பெர்னடெற் பதில் சொல்லுமுன் கதவுப் பக்கம் நிழல் தட்டியது. கார்ட்னர். எப்போது வந்தாரோ, கையில் தேநீர்க் கோப்பை ஆறிப்போயிருந்தது. இவ்வளவு நேரமும் தமிழ்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

"அந்த வீட்டில் என்ன மொழியாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெர்னடெற் தொலைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். கார்ட்னரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இங்கிலீஷ்."

கார்ட்னர் தொலைபேசியைப் பார்த்தார், பிறகு பெர்னடெற்றைப் பார்த்தார். அவர் படியிறங்கும் சத்தம் முழுதாக அடங்கும்வரை பெர்னடெற் பொத்திய கையை எடுக்கவில்லை.