ஜூலை பதினாலு மறியல்

காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். அதே ஜூலையில்தான் ரொமாண்டிக் கவிதைப் பாடமும் தொடங்கும். பிரெஞ்சுப் புரட்சி அந்தக் கவிதையை எப்படி உருவாக்கியது என்பது பரீட்சையில் தப்பாமல் வரும் கேள்வி. மற்றவர்கள் நோட்ஸ் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. ஜனங்கள் சிறையை உடைத்த கதைக்கு வந்தால் குரல் தானாக ஏறிவிடும். இளமையில் புரட்சியைக் கொண்டாடிவிட்டு, வயதானதும் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்த கவிஞர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். வாய்ப்பந்தல் போட மூங்கிலா வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் முன்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். குரும்பகரத்துப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் வீடு. நோட்ஸை மனப்பாடம் செய்யாமல் சொந்தமாக எழுதுவாள். இலக்கணம் இடறும், யோசனை இடறாது. அவள் ஊருக்குப் போகும் சாயங்கால பஸ்ஸை அந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். பஸ் இல்லையென்றால் படிப்பும் இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் மனு மேல் மனு கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கல்லூரி வாசலில், நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். நாள் குறித்தது அவள்தான். ஜூலை பதினாலு. சிறை உடைந்த நாள் என்று நான் நடத்திய அதே தேதி.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அந்தத் தேதிக்கு வேறு வேலை உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு, போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை வைக்கப் போவார்கள். அதிகாரிகளும் வருவார்கள். அந்தக் கார்கள் வரிசையாக மறியலில் வந்து மாட்டிக்கொண்டன. ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கி, "புரட்சி தினம்மா இன்னைக்கு. இன்னைக்குப் போயி வழிய மறிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றார். நான் கேட்டுக்கு உள்பக்கம் நின்று சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். மேஜையில் என் ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தாகாமல் கிடந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"உங்க கிளாஸ் பிள்ளைங்கதான் சார். யாரு தலைமைன்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு பெயர். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய். எழுதியது பயம்தான்.

அவளைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். கோவில்பத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு அவள் அப்பா வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே, தெருவிலேயே கழற்றிப் போட்டிருந்தார்.

"எப்பப் பாத்தாலும் உங்களப் பத்தித்தாங்க வீட்டுல பேசும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா சேத்துக்குவாங்க."

"பாக்குறேங்க" என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஏழரைச் சனி என்று மனைவி பிடுங்கி எடுத்ததால் திருநள்ளாறு போனேன். குளத்தில் முழுகுவதற்கு முன் தலையில் தேய்க்க நல்லெண்ணெய் வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கடை முன்னால் கையை நீட்டினேன். உள்ளே நின்று விற்றுக்கொண்டிருந்தவள் அவள்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"படிப்பு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதோட நின்னுடுச்சு சார். பஸ்ஸும் இன்னும் விடல."

எண்ணெய்ப் பாக்கெட்டை என் கையில் வைத்தாள். குரல் ஏறவே இல்லை.

"நீங்க எழுதிக் குடுத்த லெட்டர ஆபீஸ்ல எனக்குக் காமிச்சாங்க சார். அப்பாகிட்ட சொல்லல. படிச்சவங்கள்ல ஒருத்தராவது நமக்காகப் பேசிப் பாத்தாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

பின்னால் நின்றவர் எண்ணெய் கேட்டார். நான் நகர்ந்து அவருக்கு வழிவிட்டேன்.