திருமழிசைப் பக்கம் ஒரு கடல்

1. ஸ்கெட்ச்

ஸ்கெட்சை முடித்துவிட்டு டீயில் வாய் வைப்பதற்குள் பவானி வந்து சுவர் முன்னால் நின்றார். சந்து முனையில் இட்லிக்கடை வைத்திருப்பவர். அவர் மாமனார் வீட்டு நிலம் ஒரு காலத்தில் சுவருக்குப் பின்னால் ஓடும் கூவத்தின் கரையில்தான் இருந்தது.

"இன்னாமா இது, கடல இந்தாண்ட வரைஞ்சி வச்சிகீற? திருமழிசைல எப்போ கடல் வந்துச்சி?"

சுவர் ஓவியம் வரைவதும் ஆள் வைத்து வேலை வாங்குவதும்தான் என் பிழைப்பு. இந்தச் சுவர் வேலப்பன்சாவடிக்கு எதிர்க்கரையில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் கூவத்துக்கும் நடுவே நிற்கிறது. ஏரியில் தொடங்கிக் கடல் வரைக்கும் முழு ஆற்றையும் அதில் கொண்டுவர வேண்டும். எழுத்தைப் போலவே படத்தையும் இடமிருந்து வலமாக ஓட்டுவது எங்கள் தொழில் பழக்கம். அதனால் ஏரி இடது ஓரம், கடல் வலது ஓரம். அந்த வலது ஓரம் மேற்கு, திருமழிசை இருக்கும் பக்கம் என்று எங்கள் டீமில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நான் ஆற்றைப் பார்த்ததே போன் மேப்பில்தான்.

சுவரில் ஆற்றுக்கு இறங்க ஒரு சின்ன இரும்பு கேட் உண்டு. நாற்றம், கொசு என்று பூட்டிப் பல வருடம் ஆகிறது. படத்துக்குச் சம்மதித்த அதே குடியிருப்போர் சங்கம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த கேட்டைச் செங்கல் வைத்து அடைக்க முடிவெடுக்க இருந்தது. எனக்கோ வயிற்றெரிச்சல். ஆற்றை மறைக்கிற சுவரில் ஆற்றை வரைந்து என்ன பிரயோஜனம்? செயலாளர் கார்த்திக்கிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஐ.டி.யில் இருக்கும் மதுரைக்காரர். "மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதான் மேடம்" என்று முடித்துவிட்டார்.

2. எலுமிச்சம்பழம்

பவானியின் குரல் கேட்டு அந்தக் கார்த்திக்கே வந்தார். "படம் சரிதான்க்கா. தண்ணி மேக்காமதான் போகுது. மாடியிலருந்து தெனம் சாயங்காலம் பாக்குறேன்ல."

"காத்து தள்ற ஆகாயத்தாமரைய பாத்துகினு சொல்ற நைனா நீ."

"நீங்க எப்பக்கா கடைசியாப் பாத்தீங்க?"

பவானி கொஞ்சம் இறங்கி வந்தார். "கேட்ட பூட்டுனதுலருந்து நானும் பாக்கலதான். சாவி கீதா?"

சாவி இருந்தது, பூட்டுதான் துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. பெயின்ட் தின்னரை ஊற்றிக் குலுக்கித் திறந்தோம். அதற்குள் வேடிக்கை பார்க்கச் சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள்.

காற்றுக்கு அசையாததாக ஏதாவது வேண்டும் என்றேன். பவானி கடைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து நடு ஆற்றில் வீசினார். அது முக்கால்வாசி முங்கி, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு மெதுவாக இடது பக்கம், கிழக்கே நகர ஆரம்பித்தது. மேலே இருந்த ஆகாயத்தாமரை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கார்த்திக் செருப்போடு சேற்றில் இறங்கி அதன் பின்னாலேயே நடந்தார். குடியிருப்பில் பாதிப்பேர் அவர் பின்னால்.

"அது எங்கங்க போய்ச் சேரும்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"எக்மோர், சிந்தாரிப்பேட்டலாம் சுத்திகினு நேரா கடலுக்குத்தான்" என்றார் பவானி.

வரைந்தது தப்பு என்று நிரூபணமானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெயின்டர் நானாகத்தான் இருப்பேன்.

3. கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடைக்க வேண்டும் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. கார்த்திக் எழுந்தார்.

"இத்தனை வருசமா இங்க குடியிருக்கோம். ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு நமக்குத் தெரியல. இப்பத்தான் தெரிஞ்சுது. இப்பப் போயி அடைக்கணுமா?"

அடைக்கலாம் என்று ஒரு சிலரே கை தூக்கினார்கள்.

படத்தை அழித்துவிட்டு, கடல் இடது ஓரம் வரும்படி திருப்பி வரைந்தோம். குடியிருப்புக்காரர்கள் பிரஷ்ஷும் கையுமாக வந்துவிட்டார்கள், எனக்கு வரைய இடமே கிடைக்கவில்லை. பாதி வேலையில் ஆளைக் காணோமே என்று தேடினால், எல்லோரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தண்ணீர் இன்றைக்கு என்ன நிறம் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டால், பாதிப் படம் முடிந்த மாதிரி.