பின்னணியில் நின்றவர்கள்

எந்தக் கூட்டத்திலும் முதல் டீயை மேடம்தான் குடிப்பார். எல்லோர் கண்ணெதிரிலும் எவர்சில்வர் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, நின்றபடியே நிதானமாகக் குடித்து முடித்துக் கவிழ்த்து வைப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் கை நீளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்தவர்களுக்குக் கொடுக்காமல் தான் முந்திக்கொள்கிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. விஷம் வைத்திருப்பார்களோ என்ற பயத்தில், தன் பையில் கொண்டுவந்த ரொட்டியைத் தவிர எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்த அன்றுதான் விஷயம் விளங்கியது.

எங்கள் தொண்டு நிறுவனத்துக்குச் செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். வெளிநாட்டு அமைதித் திட்டங்களுக்கு மேடம்தான் தலைவர். அடித்துக்கொள்கிற இரண்டு தரப்பிலிருந்தும் சொல் செல்வாக்குள்ள சிலரைப் பொறுக்கி எடுத்து, சத்தமில்லாமல் மூன்றாவது ஓரிடத்துக்கு வரவழைத்து, சில நாட்கள் ஒரே கூரையின் கீழ் பேச வைப்பதுதான் வேலை. மந்திரிகள் வரமாட்டார்கள். மந்திரிகள் யார் பேச்சைக் கேட்பார்களோ அவர்கள் வருவார்கள்: ஓய்வுபெற்ற அதிகாரிகள், மதகுருக்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள். வந்தார்கள் என்று ஊரில் தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் இருப்பவர்கள். எந்த நாடு, எவர் என்று இன்றைக்கும் நான் சொல்வதற்கில்லை.

இப்படிப்பட்ட வேலையை ஊர் நம்புமா? மதம் மாற்றுகிறோம் என்று கட்டட உரிமையாளர் நினைத்தார். எங்கள் சபைப் போதகரோ, ஆளை இழுத்துக்கொண்டு போகிற வேறு ஏதோ இயக்கம் என்று நினைத்து என் அம்மாவை எச்சரித்தார். மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் அடிக்கடி வந்து, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். செய்யூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஒரே கேள்வியைக் கேட்பாள். "எங்கியோ அட்சிக்கிறவங்களுக்கு இங்க இன்னா சமாதானம்? நம்ம தெருவுல பைப்புத் தண்ணிக்கு அட்சிக்கிறாங்க. உங்க மேடத்த இங்க வரச் சொல்லேன்."

மேடம் எதற்கும் விளக்கம் சொல்ல மாட்டார். ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள், செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். உலகத்தின் பாதியைச் சுற்றியிருந்தாலும் அலுவலகத்துக்குப் பருத்திச் சேலையும் ரப்பர் செருப்புமாகத்தான் வருவார். சந்தேகப்படுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லலாம். "சந்தேகப்படுறவன் இன்னும் போகலை, உட்கார்ந்துதான் இருக்கான்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அப்போது அதைப் பெரிய பேச்சாக நினைத்து மனதில் வைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த அந்தக் கூட்டம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் நடந்தது. வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் நிபந்தனை. கடலைப் பார்த்த வாசல் ஒரு தரப்புக்கு, சாலையைப் பார்த்தது இன்னொரு தரப்புக்கு. ஒரு நதியின் இரண்டு கரைக்காரர்கள் அவர்கள். சண்டையில் நதி மூடப்பட்டுவிட்டது. ஒரு கரைக்காரர்களின் இடுகாடு எதிர்க்கரையில் சிக்கிக்கொண்டது. வருடத்தில் ஒரு முறையாவது போய்க் கல்லறைகளைப் பார்த்துவர விட வேண்டும் என்பதுதான் பேச்சு. கேட்கிற தரப்பில் முக்கியமானவர் ஒரு தலைமை ஆசிரியை. அவருடைய கணவர் எதிர்க்கரையில் புதைக்கப்பட்டிருந்தார். கொடுக்க வேண்டிய தரப்பில் ஓய்வுபெற்ற ஒரு தளபதி. அவர் தலையசைத்தால் படகுத்துறை திறக்கும்.

வந்த அன்றே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பக்கத்துச் சிற்பப் பட்டறையிலிருந்து வந்த உளிச் சத்தம் ஏதோ சங்கேதம் என்று ஆசிரியையின் ஆட்களில் ஒருவர் சந்தேகப்பட்டார். அவரைக் கூட்டிப்போய், பாதி முடிந்த பிள்ளையாரைக் காட்டிவிட்டு வந்தேன். என்னுடையதையும் சேர்த்து எல்லோருடைய போன்களையும் வாங்கி அலமாரியில் பூட்டினோம். காலையில் மட்டும் வீட்டாரோடு பேசக் கொடுப்போம்.

மேடத்தின் கைப்பையில் இருந்ததைத் தவிர பூட்டாத போன் ஒன்றே ஒன்று, வேன் ஓட்டியவருடையது. அவர் என் பெரியப்பா மகன். சிறுசேரி மென்பொருள் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த அண்ணனை நான்தான் மேடத்திடம் சொல்லி இதற்கு வரவழைத்தேன். கலகலப்பானவர், ஆனால் வேலையில் வாய் திறக்காதவர். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் கண்ணாடியில்கூட அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். பார்த்தால் பயந்துபோவார்கள் என்று அவருக்கே தோன்றியதாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் யாரும் எதிர்பாராதது நடந்தது. தளபதி கடலோரம் நடக்க வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்றார் ஆசிரியை. மேடம் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சரி என்றார். இரண்டு தரப்பும் ஒரே வாசல் வழியாக வெளியே போனது அன்றுதான் முதல் முறை. நானும் அண்ணனும் கொஞ்சம் தள்ளி நின்றோம். ஃபைபர் படகுகளைத் தாண்டி, தளபதியும் ஆசிரியையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்துபோனார்கள்.

மறுநாள் காலை போனை வாங்கிப் பேசிய தளபதியின் முகம் மாறியது. அவரும் ஆசிரியையும் சேர்ந்து நடக்கும் படம் அவர்கள் நாட்டில் பரவிவிட்டது. அவர் மகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு ஓடிவிட்டாள். வீட்டுக் கதவில் யாரோ துரோகி என்று எழுதிவைத்திருந்தார்கள். அரை மணியில் அந்த வீடு பழைய நிலைக்குப் போனது. இவர்கள்தான் எடுத்து அனுப்பினார்கள் என்று ஒரு தரப்பும், அவர்களே எடுத்துவிட்டு நாடகமாடுகிறார்கள் என்று மறுதரப்பும் கத்தின.

நான் சந்தேகப்பட்டது மேடத்தை. காரணம் இருந்தது. அன்று காலையில், கத்தல் தொடங்கிச் சற்று நேரத்துக்குள், அவர் வாசல் கேட்டுக்கு வெளியே தாடி வைத்த ஓர் ஆளோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவன் தோளில் கேமரா பை. அவன் ஏதோ காட்ட, மேடம் தன் போனில் அதை வாங்கிக்கொண்டார். என்னைக் கண்டதும் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "நீ உள்ளே போம்மா" என்றார். முதல் டீ குடித்து எல்லோரையும் நம்ப வைத்தவர் இவர்தானே என்று நினைத்தபடி உள்ளே போனேன்.

உள்ளே, இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டி ஓய்ந்து மூன்றாவது ஆளைத் தேடின. தளபதிதான் அண்ணனைக் கை காட்டினார். கடற்கரையில் கையில் போனோடு நின்றவன் அவன் ஒருவன்தான் என்றார். ஆசிரியையும் ஆமாம் என்றார். அண்ணனைக் கூப்பிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் போனைத் திறந்து நீட்டினார்.

"நல்லாப் பாக்கச் சொல்லு பாப்பா. எம் பொண்ணு கீது, எங்க ஆடு கீது. வேற ஒண்ணும் கெடையாது."

தளபதி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அழித்திருப்பான் என்றார். போனைத் திருப்பித் தரவில்லை. மேடம் அந்த இடத்தில் இவர் எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு. வேனும் டிரைவரும் என் பொறுப்பு, எதுவானாலும் என்னைக் கேளுங்கள் என்றார். அண்ணன் வெளியே போய்ச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் மேடத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். யாரிடமிருந்து பணம் வருகிறது, எந்த அரசாங்கத்துக்கு வேலை செய்கிறாய், எங்களை எதற்கு வெளியே நடக்கவிட்டாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மேஜைக்கு ஒரு பக்கம் மேடம் தனியாக. எதிர்ப்பக்கம் அவர்கள் எல்லோரும். தளபதி விட்ட இடத்தில் ஆசிரியை பிடித்துக்கொண்டார். ஆசிரியைக்கு இருமல் வந்தபோது தளபதி தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார், அவரும் வாங்கிக் குடித்தார். மேடம் எல்லாவற்றுக்கும் பாதிப் பதில்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சமையலறையில் மடக்கினேன். காலையில் வந்த தாடிக்காரன் யார் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார்.

படத்தின் நடுவில் சிவப்புத் துணி காற்றில் பறக்க ஒரு பெண்ணும், கோட்டு சூட்டில் ஒரு பையனும். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையில் எடுக்கிறார்களே, அந்த மாதிரி. அவர்களுக்குப் பின்னால் தூரத்தில், சின்னதாக, தளபதியும் ஆசிரியையும். தாடிக்காரன் பக்கத்து ரிசார்ட்டில் படமெடுத்தவன். அந்தப் பெண்ணுக்குச் சிறுசேரியில் வேலை. கம்பெனிக்குத் தளபதியின் நாட்டிலும் கிளை உண்டு. அவள் ஆசையாக இணையத்தில் போட்ட படத்தை அங்கே யாரோ பார்த்து, மணமக்களை வெட்டிவிட்டுப் பின்னால் இருந்தவர்களை மட்டும் பரப்பியிருக்கிறார்கள். அப்படிப் பரவிய படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பை மேடம் காலையில் பார்த்துவிட்டு, ரிசார்ட்டுக்கு ஆளனுப்பி விசாரித்திருக்கிறார்.

"அப்ப இதக் காட்டிடலாமே மேடம்" என்றேன்.

"நாளைக்குக் காட்டுவோம்."

"ஏன்?"

"இப்ப எப்படி உட்கார்ந்திருக்காங்க, பார்த்தல்ல? ரெண்டு பேரும் சேர்ந்து சந்தேகப்பட ஒரு ஆளா நான் கிடைச்சிருக்கேன். இவ்ளோ வருஷத்துல அவங்க சேர்ந்து செஞ்ச முதல் வேலை இது. ஒரு நாள் செய்யட்டும்."

அவர் சொன்னது சரியாகவே நடந்தது. அன்று முழுவதும் மேடத்தைக் குடைந்து களைத்தவர்கள் சாயங்காலம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆசிரியை தன் கணவர் செத்த கதையைத் தளபதியிடம் நேராகச் சொன்னார். மறுநாள் மேடம் முழுப் படத்தைக் காட்டியபோது முதலில் நம்பவில்லை. பிறகு அந்த மணப்பெண்ணின் பக்கத்தையே திறந்து காட்டியதும் தளபதி தலையில் கைவைத்துச் சிரித்தார். மேடத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கிளம்புவதற்குள் துறையைத் திறக்கத் தன்னாலானதைச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அண்ணனின் போன் மேஜை மேலேயே கிடந்தது. நான்தான் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

மேடத்துக்கு முந்தின நாளே உண்மை தெரியும் என்பதை அண்ணனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அண்ணன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒரு தேங்கா காணாப் போனாலும் மொதல்ல நம்ம தெருவுக்குத்தான் வருவாங்க. நம்ம அப்பன் காலத்துலர்ந்து அப்டித்தான். இவுங்க கடல் தாண்டி வந்தும் கரெக்டா நம்மாண்டதான் வந்தாங்க. அது அவுங்களுக்குத் தெரியாம வந்தது. மேடம் தெரிஞ்சிகினே உட்டாங்களே."

அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்ததோடு சரி. அதன்பிறகு எங்களுக்கு அவர் வேன் ஓட்டவில்லை.

மேடம் தன் மேல் சந்தேகத்தை இழுத்துக்கொண்டதைப் பற்றி எங்கள் துறையில் இன்றைக்கும் மெச்சிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் வருவதே இல்லை. மேடத்துக்கு அது விரும்பி ஏற்ற சந்தேகம்; மறுநாள் இறக்கி வைத்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் மேல் விழுந்ததோ அவரைக் கேட்டு யாரும் வைத்ததல்ல, எப்போது இறங்கும் என்று அவருக்குச் சொன்னவரும் இல்லை. இப்போது மேடம் ஓய்வுபெற்று, நான் அந்த நாற்காலியில் இருக்கிறேன். யாராவது என்னை முழுதாக நம்பினால் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் ஒரு நாள் இப்படி ஒருவரை வெளியே உட்கார வைத்துவிடுவேனோ என்று என்னையே நான் வேவு பார்க்கிறேன்.

போன மழைக்காலம் முடிந்தபோது துறை திறந்த செய்தி வந்தது. படகுகளில் பெண்கள் பூவோடு எதிர்க்கரைக்குப் போனார்கள். ஆசிரியையும் போயிருந்தார். ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு மேடமே நேரில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, உங்க அண்ணன்கிட்ட நான்தான் சொல்லணும், கூட்டிப் போ என்றார்.

இருவரும் செய்யூர் பஸ் ஏறினோம். அண்ணன் முற்றத்தில், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். மேடம் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். மன்னிச்சிடுங்க தம்பி என்றார் மேடம். அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் போனைப் புடுங்கினாரே அந்தப் பெரியவரு, அவருகிட்ட நான் எடுக்கலன்னு சொன்னீங்களா?"

"படத்தைக் காட்டினேன் தம்பி. அதுலயே புரிஞ்சிருக்கும்."

"நீங்க சொன்னீங்களா?"

மேடம் தலைகுனிந்தார். "இல்லை" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து போனை எடுத்து, அங்கேயே தளபதியைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார். அன்றைக்கு வேன் ஓட்டியவர் குற்றமற்றவர், அது தெரிந்த பிறகும் ஒரு நாள் முழுக்க நான் வாய் திறக்கவில்லை, இப்போது அவர் வீட்டு வாசலிலிருந்து பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுமுனையில் தளபதியின் முதிய குரல் ஒரு வாக்கியம் பேசியது.

"உங்க பேரு இன்னான்னு கேக்கறாருண்ணா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறாரு?"

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்குக் கேட்காமல் போய்விட்டேன், அதனால்தான் என்று பதில் வந்தது. அண்ணன் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார். மேடத்திடமிருந்து போனை வாங்கி, வாய்க்கு அருகில் பிடித்து, அப்பா பெயரையும் சேர்த்துத் தன் முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னார். அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னதும், இல்லை என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.