வள்ளல் கடன் அடைத்த விதம்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு வள்ளல் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பொருத்தமான பெயர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இருபது வருஷமாக மெக்கானிக். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் அறுபத்து மூன்று கட்டடங்களின் லிஃப்டுகள் அவருடைய குழுவின் பொறுப்பு. குழுவில் நாலு பேர். காலையில் ஒரு டீ, பதினொரு மணிக்கு இன்னொரு டீ, மதியம் சாப்பாடு, சாயங்காலம் ஏதாவது கொறிக்க. எங்கே உட்கார்ந்தாலும் காசு கொடுப்பது அவர்தான். மற்றவர்கள் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் கல்லாவுக்குப் போயிருப்பார். "இருக்கட்டும்பா, அடுத்த தடவை நீ குடு" என்பார். அந்த அடுத்த தடவை வந்ததே இல்லை.

வசதியானவர் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் ஐஸ் வாங்கித் தின்னும்போது "எனக்குத் தொண்டை வலி" என்று சொல்லியே ஆறு வருஷத்தை ஓட்டியவர். இந்தப் பையனுக்கு வருஷம் பூரா தொண்டை வலிக்கிறதே, டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு டீச்சர் வீட்டுக்கே சொல்லி அனுப்பினார். சம்பாதிக்க ஆரம்பித்த முதல் மாதத்திலிருந்து அவர் தன் முன்னால் யாருக்கும் தொண்டை வலிக்க விட்டதில்லை.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மூன்று கிரெடிட் கார்டும், பேங்கில் ஒரு கடனும், கம்பெனி சங்கத்தில் ஒரு கடனும் இருந்தன. ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவார். அதற்கும் முடியாதபோது மூன்றாவது. மாதாமாதம் ஏதோ கட்டிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று ஒரு நினைப்பு. மொத்தம் எவ்வளவு என்று அவர் கூட்டிப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் நாலு லிஃப்டுக்கும் இரும்புக் கயிறு மாற்றி முடித்தார்கள். இரண்டு குழு, எட்டு பேர். சாப்பிடப் போனார்கள். வழக்கம்போல அவர் எழுந்து கல்லாவுக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் கார்டைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இது எடுக்கல. வேற கார்டு இருக்கா?"

இருந்தது. அதுவும் எடுக்கவில்லை. மூன்றாவதைக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்து, மூன்றாம் தடவை தன் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அப்போது குழுவின் எலக்ட்ரீஷியன், சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவதால் மீட்டர் என்று பெயர் வாங்கியவர், பக்கத்தில் வந்து பணத்தைக் கட்டினார்.

வேனில் திரும்பும்போது யாரும் கேலி செய்யவில்லை. மற்ற நாட்களில் ஒருவரை ஒருவர் பிய்த்துத் தின்கிற ஆட்கள். அன்றைக்கு எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. காலை ஆறரைக்கே போய் வரிசையாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. எதற்கும் சட்டென்று பதறமாட்டாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"குடிக்கிறீங்களா?"

"இல்ல."

"சீட்டு, கீட்டு?"

"அதெல்லாம் இல்ல."

"வேற யாராவது…?"

"ச்சே, என்னம்மா நீ!"

"அப்போ பணம் எங்கதான் போச்சு?"

"தெரியலம்மா" என்றார். உண்மையிலேயே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பதினாலு வயது மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்த நேரம், இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷத்துக் கார்டு கணக்கை அவர் பிரின்ட் எடுத்து வந்திருந்தார். முப்பத்தெட்டுத் தாள். மனைவி பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். டீக்கடை, பேக்கரி, சாப்பாட்டுக் கடை, டாக்ஸி, மறுபடியும் பேக்கரி. நடுவில் யாரோ ஒருத்தனுக்கு வாங்கிக் கொடுத்த ஹெட்போன், எவரோ ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கேக். பாதி பேரை இன்னார் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். மொத்தக் கடன் அவருடைய பதினாலு மாதச் சம்பளம்.

"இதுல ஒரு பெரிய செலவுகூட இல்லீங்க. ஒரு வண்டி வாங்கினோம், வீட்டுல ஒரு ரூம் எடுத்தோம்னு காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. பதினாலு மாசச் சம்பளத்த டீயா குடிச்சிட்டு கப்ப கீழ வச்சிருக்கீங்க."

அவர் முப்பத்தெட்டுத் தாளையும் ஒன்றாக அடுக்கி வைத்தார். அவளே தொடர்ந்தாள்.

"என்கிட்ட கொஞ்சம் இருக்கு. ஒன்பது வருஷமா சேத்தது. உங்க கடன்ல மூணுல ஒரு பங்கு வரும்."

அவர் தலை நிமிர்ந்தது.

"ஆனா தரமாட்டேன்."

"ஏம்மா?"

"தந்தா உங்களுக்கு லேசாயிடும். ஆறே மாசத்துல மறுபடி இதே நாற்காலியில வந்து உக்காருவீங்க. அதுக்கு நான் ஒன்பது வருஷம் சேக்கல."

அந்தப் பேச்சு அவரை நன்றாகவே சுட்டது. நாலைந்து நாள் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானப்படுத்த வரவில்லை.

திட்டம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அவளுடைய சம்பளத்தில் வீடு ஓடும். அவருடைய சம்பளத்தில் பாதிக்குமேல் கடனுக்குப் போகும். முதலில் வட்டி அதிகமான கார்டு, அது முடிந்ததும் அடுத்தது. மூன்று கார்டையும் அவரே கத்திரியால் வெட்டினார். வாரச் செலவுக்கு ஒரு கவரில் ரொக்கம். கவர் காலியானால் அடுத்த திங்கட்கிழமைவரை காலிதான். இப்படியே போனால் முப்பத்து மூன்று மாதம் என்று மகள் போனில் கணக்குப் போட்டுச் சொன்னாள். அவளிடம் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அவள் முதலில் கேட்டது, "அப்போ என் ஸ்கூல் மாறுமா?" மாறாது என்றதும் "சரி" என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சாமான் வாங்குவதில் மிச்சம் பிடிப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. பட்டியல் எழுதிக்கொண்டு போய்ப் பட்டியலில் உள்ளதை மட்டும் வாங்கினார். டாக்ஸியை விட்டார். ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தார். யாருமே பார்க்காத இரண்டு சினிமாச் சந்தாக்களை நிறுத்தினார். போன் கண்ணாடி கீறிக் கிடந்தது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். கஷ்டமெல்லாம் பதினொரு மணி டீயில்தான்.

முதல் நாள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் கொண்டுபோனார். மற்ற மூவரும் டீக்கடைக்குக் கிளம்பியதும், "நீங்க போங்க, மேல கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடி மெஷின் ரூமுக்கு ஏறினார். மோட்டார் சூட்டில் கிரீஸ் வாசனை அடிக்கிற அந்த அறையில், கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து, திருட்டுத்தனமாக டீ குடித்தார். இப்படி எட்டு நாள். குழுவில் இருந்த ஒருவர் தன்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்து மன்னிப்பே கேட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் மீட்டர் மேலே ஏறி வந்தார்.

"என்னண்ணே, தனிக்குடித்தனமா?"

அவர் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "அன்னிக்கு நீ கட்டின சாப்பாட்டுப் பணம். உனக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு இருந்தேன்."

"அட, அத விடுங்கண்ணே."

"வாங்கிக்கப்பா. நிறைய கடன் இருக்கு. இனிமே என்னால எல்லாருக்கும் குடுக்க முடியாது."

மீட்டர் கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்பது வருஷமா உங்ககூட வேலை பாக்கறேன். ஒரு தடவையாவது என்னைக் குடுக்க விட்டிருக்கீங்களா? எனக்குப் பொண்ணு பொறந்த அன்னிக்குக்கூட ஸ்வீட் காச நீங்கதான் குடுத்தீங்க. நான் வாங்கிக் குடுத்தேன்னு வீட்டுல போய் எப்படிச் சொல்றது?"

இப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு முழுக்க அதே நினைப்பாக இருந்தார். மறுநாளிலிருந்து கடைக்குப் போனார். அவரவர் டீக்கு அவரவர் காசு. ஒரு மாதத்தில் இன்னொன்றும் தெரிந்தது: பதினொரு மணி டீ அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. இருபது வருஷமாக மற்றவர்களுக்காகக் குடித்துவந்திருக்கிறார்.

எல்லோரும் மீட்டரைப் போல இல்லை. தூரத்தில் பார்த்தாலே கை ஆட்டிக்கொண்டு வருகிற ஆட்கள் கம்பெனியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இப்போது பாதிப் பேருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஸ்டோர் ரூம்காரர் அவருக்கு "பிளாஸ்க்" என்று புதுப் பெயர் வைத்தார். கொஞ்ச நாள் இரண்டு பெயரும் ஓடி, கடைசியில் பிளாஸ்க் ஜெயித்தது.

அதைவிடப் பெரிய பாடு தங்கையிடம். அவள் மகனுடைய டியூஷனுக்கு என்று மூன்று வருஷமாக மாதாமாதம் அனுப்பி வந்தார். மாதம் பிறந்ததும் தங்கையே போன் செய்தாள்.

"அண்ணா, மறந்துட்டியா?"

"மறக்கலம்மா. இனிமே முடியாது. கடன் கழுத்த நெரிக்குது."

"உனக்கென்ன கடன்? ஊருக்கெல்லாம் செலவு பண்ற."

"அதனாலதான்."

"அப்போ ஊருக்கு நிறுத்து. என் பையனுக்கு ஏன் நிறுத்தற?"

நியாயமான கேள்விதான். "அண்ணி சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அவள் கேட்டதற்கு மட்டும், "இல்ல, நானேதான்" என்றார். தங்கை போனை வைத்துவிட்டாள். பதினோரு மாதம் பேசவில்லை. அவர் மாதம் ஒரு தடவை போன் செய்வார், மணி அடித்து நின்றுபோகும். பிறகு ஒருநாள், தான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொல்ல அவளே கூப்பிட்டாள். பேச்சு வந்தது. பழைய உரிமை வரவில்லை. இன்னும் கொஞ்சம் விலகித்தான் பேசுகிறாள்.

ஒரு தடவை அவர் வழுக்கியும் விழுந்தார். ஏழாவது மாதம் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். பிரிவு விருந்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்தபோது சூப்பர்வைசர் அவர் தோளில் கை போட்டு, "வள்ளல் இருக்கும்போது நமக்கு என்ன கவலை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். கால் தானாகக் கல்லாவுக்கு நடந்தது. அன்று காலையில் பேங்கில் கட்ட எடுத்து வைத்திருந்த பணம் பையில் இருந்தது. பதினேழு பேர் சாப்பிட்ட பில்லை முழுசாகக் கட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். வீடு வரும்வரை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மனைவி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னார். இடி விழப்போகிறது என்று காத்திருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"சரி. முப்பத்து மூணு மாசம் முப்பத்து நாலாச்சு. கதவ சாத்திக்கங்க."

திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு பேசியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் கதவைச் சாத்தினார்.

பதினைந்தாவது மாதம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். பழைய நாளாக இருந்தால் கார்டைத் தேய்த்திருப்பார். மனைவி தன் ஒன்பது வருஷச் சேமிப்பை எடுத்து ஆஸ்பத்திரியில் கட்டினாள். கட்டிவிட்டு ரசீதைக் கைப்பையில் போட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பணத்தைத் தனக்குக் கொடுத்திருந்தால் இப்போது என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்தார். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றாள்.

முப்பத்து நாலாவது மாதம், ஒரு புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், கடைசித் தவணையைக் கட்ட பேங்குக்குப் போனார். போனிலேயே கட்டியிருக்கலாம். நேரில் கட்டவேண்டும் போல இருந்தது. கவுன்டரில் இருந்த இளைஞர் ரசீதையும், கடன் இல்லை என்கிற கடிதத்தையும் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், ஒரு மாசம்கூடத் தவறாம கட்டியிருக்கீங்க. இப்போ உங்களுக்கு இதவிட ரெண்டு மடங்கு லோன் கிடைக்கும். ஃபாரம் தரட்டுமா?"

ஏழாவது மாதத்துப் பணத்தை மாதக் கடைசிக்குள் சங்கத்தில் புரட்டிக் கட்டியது அந்தத் திரைக்குத் தெரியாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாம் தம்பி" என்று எழுந்தார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"முடிஞ்சிடுச்சும்மா."

"ஒரு நிமிஷம், கைய இறுக்கி மூடிக்கங்க" என்றாள் அவள், யாரிடமோ. பிறகு, "கட்டியாச்சா? லெட்டர் வாங்கினீங்களா?"

"வாங்கிட்டேன்."

"பத்திரமா வைங்க. சாயங்காலம் பேசலாம், இங்க ஏழு பேர் நிக்கறாங்க."

ஏதோ பெரிதாகத் தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தார். பசித்தது, அவ்வளவுதான். ஒரு ரொட்டி வாங்கி, நடந்துகொண்டே தின்றார். இரண்டு தெரு தள்ளி ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாவது மாடிக்கு வந்ததும் லிஃப்ட் கதவு மூடாமல் திறந்து திறந்து அடித்துக்கொள்கிறது என்று புகார் வந்திருந்தது. போய்ப் பார்த்தார். கதவு ஓடுகிற பள்ளத்தில் யாருடைய சட்டைப் பொத்தானோ சிக்கியிருந்தது. இடுக்கியால் எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, பத்து தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தரை மணிக்குக் கிளம்பினார்.