முன்னால் போட்ட புது டயர்கள்

சுங்கை பட்டாணியில் என் அக்காள் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் இரண்டு பழைய டயர்கள் கிடக்கும். வெள்ளைச் சாயம் அடித்து, மண் நிரப்பி, ஒன்றில் பண்டானும் மற்றொன்றில் மிளகாயும் வளர்க்கிறாள். அக்கம்பக்கத்தார் சோற்றில் வாசனைக்குப் போட பண்டான் இலை கேட்டு வாங்கிப் போவார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன். அவற்றைக் காரிலிருந்து கழற்றிய நாளில் நானும் டயர் கடையில் நின்றிருந்தேன். சாயம் அடித்து மண் கொட்டியது என் அத்தான், அக்காளின் கணவர்.

அத்தானுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை. வாரமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையாவது கையைக் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? காலையிலேயே தன் பழைய ஜப்பான் காரை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்துவிடுவார். பல கை மாறி வந்த பழுப்பு நிறக் கார். பின் சக்கரம் தள்ளுகிற ரகம். மழை பெய்து ஓய்ந்த தோட்டத்துச் செம்மண் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே, வளைவுக்குள் நுழைந்ததும் ஒரு மிதி மிதிப்பார். காரின் பின்பக்கம் மெல்ல வெளியே நழுவும். உட்கார்ந்த இடத்துக்குக் கீழே தரை நகர்வது தெரியும். அவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, காலைக் கொஞ்சம் எடுப்பார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல் கார் அடங்கி நேராகும். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொள்வேன். அடுத்த வளைவு எப்போது வரும் என்றும் இருக்கும்.

நான் அப்போதுதான் முன் சக்கரம் இழுக்கிற உள்ளூர்க் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். ஒருநாள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன மச்சான் காடி இது? மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. அதே சக்கரம் திரும்பவும் செய்யணும், இழுக்கவும் செய்யணும். ஒரு ஆளுக்கு ரெண்டு வேலை குடுத்தா ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்வான் லா.”

“மழையில நேரா போவுது அத்தான். எனக்கு வேலைக்குப் போயிட்டு வந்தா போதும்.”

“அதுக்கு பஸ் போதுமே!”

ரொட்டிச்சானாய்க் கடையில் தேநீர் ஆறும் வரை இந்தச் சண்டை நடக்கும். அதற்குப் பிறகு நானும் எத்தனையோ கார்களை ஓட்டிவிட்டேன். முன் சக்கரக் காரில் வேகமாக வளைந்தால் காரின் மூக்கு வளைவை விட்டு வெளிப்பக்கம் ஓடும். வேகத்தைக் குறைத்தால் விஷயம் முடிந்தது. நமக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஓட்டுகிற சுகம் என்று பார்த்தால் அத்தான் சொன்னதுதான் சரி. இதை அவரிடம் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை.

அக்காள் முழுகாமல் இருந்தபோது பிடிவாதம் பிடித்தாள். “புள்ள வரப்போவுது. ஆடுன ஆட்டம் போதும், இந்தக் காடிய வித்துடுங்க.” அவர் மறுபேச்சுப் பேசவில்லை. விற்றுவிட்டு என்னுடையதைப் போலவே முன் சக்கரக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். கோயிலில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது, பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன்போல் தள்ளி நின்றார். அன்றிலிருந்து ஆமை வேகம்தான். “சாமான் வாங்கப் போற காடிக்கு இது போதும்” என்பார்.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன் அத்தான், அக்காள், நான் மூவரும் டயர் கடைக்குப் போனோம். முன் டயர்கள் தேய்ந்து போயிருந்தன. இரண்டு புதியவை வாங்கினார். கடைக்காரச் சீனரை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். புதியதைப் பின்னால் போடுங்கள், மழையில் பின்பக்கம் வழுக்கினால் பிடிக்க முடியாது என்று அவர் மலாயில் சொன்னார். அத்தான் சிரித்தார். பழைய காரில் நல்ல டயர் எப்போதும் பின்னால்தான் இருக்கும், உழைக்கிற சக்கரத்துக்குத்தான் நல்லது என்பது அவர் கட்டிக் காத்த விதி. இந்தக் காரில் உழைப்பது முன் சக்கரம். பின் டயர்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “இது இன்னும் ஓடும் லா. இழுக்கிறது முன்னாடி, பின்னாடி போட்டு என்னா பண்ண?” என்றார். கழற்றிய இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று சாயங்காலமே சாயம் அடித்தார்.

குழந்தை பிறந்து அக்காள் பெண்டாங் பக்கம் எங்கள் அம்மா வீட்டில் இருந்தாள். தாயையும் பிள்ளையையும் அழைத்து வர ஒரு மத்தியானம் அத்தான் மழையில் கிளம்பினார். நெல்வயல்களுக்கு நடுவே ஒரு வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த மலாய்க்காரப் பெரியவர் என்னிடம் சொன்னார்: மெதுவாகத்தான் போனார், திடீரென்று காரின் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. நழுவியதும் அத்தான் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் பழகியபடி மிதியிலிருந்து காலை எடுத்திருப்பார். பழைய கார் அதில் அடங்கும். இந்தக் காரில் அது இன்னும் சுழற்றிவிடும். வாய்க்காலில் தலைகுப்புறக் கிடந்த காரை நான் போய்ச் சேர்ந்தபோது தூக்கிக்கொண்டிருந்தார்கள். முன் டயர்களில் புது ரப்பரின் மெல்லிய முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. பின் டயர்கள் தேய்ந்து உள்ளங்கைபோல் வழவழவென்று இருந்தன. குழந்தைக்குத் தொட்டில் கட்ட வாங்கிய ஸ்பிரிங் பின்னால் அப்படியே இருந்தது.

சாவு வீட்டில், தோட்டத்தில் ஆட்டம் போட்டவன்தானே என்று பேசினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்காளோ வேறு பாட்டுப் பாடினாள். “அவருக்குப் பழக்கமில்லாத காடிய நான்தான் வாங்க வச்சேன். நான்தான் கொன்னுட்டேன்.” வருஷங்கள் ஓடியும் அதையே சொன்னாள். தவுக்கே அன்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். டயரைப் பற்றிச் சொன்னால் அவள் மனம் ஆறுமா, கார் விஷயத்தில் தவறே செய்யாதவர் என்று அவள் நம்பிய மனிதர் உடைந்து போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு மனிதன் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் என்ன?

அந்தக் குழந்தை இப்போது வேலைக்குப் போகிறாள். அக்காள் நாற்பது வயதுக்கு மேல் லைசன்ஸ் எடுத்து ஒரு சின்னக் கார் ஓட்டுகிறாள். போன மாதம் டயர் மாற்ற என்னைத் துணைக்கு அழைத்தாள். அதே கடை, தவுக்கேயின் மகன் நடத்துகிறான். இரண்டு புது டயர்களை உருட்டி வந்து, முன்னாலா பின்னாலா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காள், “பெலாக்காங்” என்றாள். பின்னால்.

நான் அவளைப் பார்த்தேன்.

“அன்னைக்கு நானுந்தான் இங்க நின்னேன் தம்பி. தவுக்கே சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு.”

“அப்ப ஏன்கா இத்தன வருஷமா உன்னையே சொல்லிக்கிட்ட?”

“காடியில கோளாறுன்னு சொன்னா பழி எம்மேல நிக்கும். டயருன்னு சொன்னா அவரு மேல போயிடும். மண்ணுக்குள்ள இருக்கிறவர எதுக்கு இன்னும் திட்டணும்?”

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அக்காள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள். வளைவுகளில் மோட்டார் சைக்கிள்கள்கூட எங்களைத் தாண்டிப் போயின. கார் அவள் திருப்பிய பக்கம் திரும்பியது. அதில் ரசிக்க ஒன்றுமே இல்லை.

வீட்டில் அவள் குனிந்து ஒரு பண்டான் இலையைக் கிள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் அந்த டயர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரை ஒட்டிய பக்கம் அத்தானின் பிரஷ் எட்டாத ஓர் இடம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்றிருந்தது. இதே போலத்தான் அவரும் அன்று பின் டயர்களைத் தடவிப் பார்த்து, இன்னும் ஓடும் என்றார்.

“மழையில என்னாடா பண்ற, உள்ள வா” என்று அக்காள் கூப்பிட்டாள்.