பானைக் கரி படிந்த கார்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தபால் கார்டு இருக்கிறது. அதன் கீழ் மூலையில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு தீற்றல். பிழை கண்டுபிடிப்பதே என் பிழைப்பாக இருந்த நாளில் அதை நான் அழுக்கு என்று நினைத்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, விழுப்புரத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டும் செய்தி எழுதிக்கொண்டும் இருந்தேன். ஆசிரியரே முதலாளி. சங்கீதத்துக்கென்று தனிப் பத்திரிகை தொடங்க அவருக்கு ஆசை வந்தது. பத்திரிகையைப் போட்டுவிட்டு வாசகரைத் தேடக் கூடாது, முதலில் ஜனங்களைக் கேட்போம் என்றார். நல்ல யோசனை, இன்றும் மறுக்க மாட்டேன். என்ன பாட்டு கேட்கிறீர்கள், எங்கே கேட்கிறீர்கள், பத்திரிகையில் என்ன வேண்டும் என்று மூன்று கேள்விகளைக் கார்டில் அச்சடித்தோம். விழுப்புரம் பக்கம் எனக்கு. திண்டிவனம் பக்கம் எங்கள் ஏஜெண்டுக்கு.

ஏஜெண்ட் திண்டிவனத்தை அடுத்த ஒரு சேரியில் பிறந்த கிறிஸ்தவர்; மிஷன் பள்ளியில் படித்தவர். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். இந்த வேலையை ஒழுங்காக முடித்தால் புதிய பத்திரிகையில் உதவியாசிரியர் இடம் என்று ஆசிரியர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் கோர்ட்டு குமாஸ்தாக்களிடமும் ரயில்வே குடியிருப்பிலும் கார்டுகளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் காத்திருந்தேன். அவர் பெருமுக்கல் வரை சைக்கிளில் போய், நடவு நடக்கிற வயலின் வரப்பில் நின்று கேட்டார்.

அவர் கொண்டுவந்த கட்டுக்குள் நாற்பது கார்டுகள் ஒரே கையெழுத்தில் இருந்தன. கண்டுபிடித்தவன் நான். கொஞ்சம் பெருமையோடுதான் அவற்றை ஆசிரியர் முன் பரப்பினேன்.

ஏஜெண்ட் எதையும் மறைக்கவில்லை. “அந்த ஊர்ல எழுதத் தெரிஞ்சது ஒரே ஒரு அம்மாதாங்க. ஒவ்வொருத்தரா வந்து சொல்லச் சொல்ல அவங்க எழுதினாங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருந்தேன்.”

“எழுதத் தெரியாதவன் பத்திரிகைய வச்சிக்கினு என்ன பண்ணுவான்? விசிறிக்குவானா?” என்றார் ஆசிரியர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“படிக்கச் சொல்லிக் கேப்பாங்க சார். நம்ம வாரப் பத்திரிகையவே அப்படித்தான் கேட்டுக்கினு இருக்காங்க. பத்திரிகை ஒண்ணு, கேக்கறவங்க நாப்பது பேரு.”

“நாப்பது பேருக்கும் கை ஒண்ணு. அந்தக் கை உன்னோடது.”

கார்டைக்கூடச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள் என்று கரி படிந்த மூலைகளைக் காட்டினார். ஏஜெண்ட் அதற்குப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டு முழுவதும் குப்பைக் கூடைக்குப் போனது. ஏஜெண்டின் குற்றத்துக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் நான் எடுத்துவைத்தேன்.

திண்டிவனம் ரயிலில் கொஞ்ச நேரப் பயணம். அங்கிருந்து பெருமுக்கல் சைக்கிள் தூரம். தீப்பிடித்த வைக்கோற்போருக்குக்கூட நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறவன் நான். இதற்குப் போகவில்லை. நான் சேர்த்த கார்டுக் கட்டுக்குள் ஒரு வக்கீல் குமாஸ்தா தன் மைத்துனர்கள் பெயரில் ஆறு கார்டுகளை எழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருந்தார். எனக்கு அது தெரியும். அவை கணக்கில் நின்றன. அவர் பொய் சுத்தமாக இருந்தது.

ஏஜெண்டுக்கு உதவியாசிரியர் இடம் கிடைக்கவில்லை, கையிலிருந்த ஏஜென்சியும் போனது. பொய்க் கார்டு எழுதினவன் என்ற பேச்சு அவருக்கு முன்பே எல்லா ஊருக்கும் போய்ச் சேர, வேறு எந்தப் பத்திரிகையும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரிக்கு மில் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சங்கீதப் பத்திரிகை குமாஸ்தாவின் மைத்துனர்களுக்காக வெளிவந்தது. அட்டையில் ஜரிகை அங்கவஸ்திரப் பிரமுகர்கள். விற்காத பிரதிகளில் விழுப்புரம் கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை மடித்துக் கொடுத்தார்கள். யுத்தம் வந்ததும் காகிதப் பஞ்சம் என்று சொல்லி ஆசிரியர் பத்திரிகையை மூடினார். அந்தப் பொய்யை அச்சுக்கோத்துப் பிழை திருத்தியவனும் நானே.

யுத்தம் முடிகிற சமயம், மலைக்கோயில் செய்தி ஒன்றுக்காகப் பெருமுக்கல் போனேன். அந்த அம்மாளை விசாரித்துப் போய்ப் பார்த்து, பழைய கார்டுகளைப் பற்றிக் கேட்டேன். கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: “எழுதினது நான். சொன்னது அவங்கவங்க. பொய்யின்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு கைநாட்டு வச்சாங்க. மை ஏது? பானக் கரியிலதான் வெரல அழுத்தினாங்க.” பிறகு கேட்டார்: “அந்தப் பாட்டு பத்திரிகை வந்துச்சுங்களா?”

வந்தது, நின்றுவிட்டது என்றேன். ஏஜெண்டைப் பற்றிச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

ஆசிரியர் கௌரவமாக வாழ்ந்து முடித்தார். அவர்மேல் எனக்குள்ள ஆத்திரம் ஆறவில்லை, என்மேல் உள்ளதும்தான். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கரிக்குள் விரல் ரேகைகள் தெரிகின்றன, அன்றைக்கும் தெரிந்திருக்கும். பத்திரிகையில் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு எதிரே, பார்த்ததுமே நான் சந்தேகப்பட்ட அந்தக் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: “எங்கள் ஊரில் மேளம் வாசிக்கிறவர்கள் பெயரைப் போடுவீர்களா?”